இரண்டு மூன்று இடத்தில் வேலையால் நிப்பாட்டின பிறகு வேலை தேடுவது எப்படி

யாழ்ப்பாணத்தில் சுயவிபரக்கோவை மேசைக்கு வந்து சேர முன்னமே ரெலிபோன் போய்விடும். ஸ்ரான்லி வீதியில் நிப்பாட்டின ஆளைப் பற்றிப் பக்கத்துத் திருநெல்வேலியில் இருக்கிற மனேஜர் அன்று பின்னேரத்துக்குள் விசாரித்து முடித்துவிடுவார். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்களாகவோ ஒரே கோயில் திருவிழா உபயகாரர்களாகவோ இருப்பார்கள். கொழும்பில் ஒரு வேலையை மறைத்துத் தப்பலாம். இங்கே அது பலிக்காது. ஆகவே மறைக்கிற யோசனையை விட்டுவிட்டு, அந்த ரெலிபோனில் என்ன சொல்லப்படும் என்பதை முதலில் சரிசெய்யுங்கள். சுயவிபரக்கோவையும் நேர்முகமும் பிறகு.

முதல் வாரம்: கடிதமும் காசும்

வேலை போன அன்றே திகதியை எழுதி வையுங்கள். வேலை நீக்க வழக்குகளை விசாரிக்கிற தொழில் நியாய சபைக்குப் போவதானாலும் தொழில் ஆணையாளருக்கு முறையிடுவதானாலும் ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். "கோபம் ஆறட்டும், பிறகு பாப்பம்" என்று இருந்து இந்த ஆறு மாதத்தைத் தொலைப்பவர்கள்தான் அதிகம்.

எந்தக் கதவைத் தட்டுவது என்பது விலத்தின விதத்தைப் பொறுத்தது. ஒழுக்கக் காரணம் எதுவும் இல்லாமல் "ஆள் கூடிப்போச்சு", "வியாபாரம் இல்லை" என்று நிறுத்தினால் வேலை முடிவுறுத்தலைப் பற்றிய 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் பொருந்தலாம். அந்த இடத்தில் 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்திருக்க வேண்டும். நீங்கள் முந்தைய 12 மாதத்தில் 180 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். அப்படியானால் உங்கள் எழுத்துமூல சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ இல்லாமல் நிறுத்த முடியாது. இதற்கான முறைப்பாட்டைத் தொழில் திணைக்கள அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.

குற்றம் சாட்டி நிறுத்தினால், அதே சட்டத்தின்படி இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அந்த நீக்கத்தை எதிர்ப்பதானால் தொழில் நியாய சபைக்குப் போக வேண்டும். நாலு பேர் வேலை செய்கிற கடை என்றாலும் அங்கே போகலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. வசதி குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் கேட்கலாம். ஆனால் வழக்கு இழுபடும். மூன்று மாத வேலைக்காக இரண்டு வருடம் நியாய சபைக்கு அலைவது எங்கள் கணக்கில் நட்டம். பல வருட சேவைக்கும் களவுக் குற்றச்சாட்டுக்கும் போகத்தான் வேண்டும். களவுப் பெயரை அப்படியே விட்டால் அடுத்த பத்து வருடமும் அது உங்களோடு வரும்.

அடிக்கடி நடக்கிற இரண்டு சிக்கல்கள்:

"நாளையில இருந்து வரவேண்டாம்" என்று வாயால் சொல்லிவிட்டு, பிறகு "அவர் தானா வராமல் விட்டவர்" என்று எழுதி வைப்பார்கள். இதற்கு மருந்து ஒரு பதிவுத் தபால். "இன்ன திகதி இன்ன நேரம் இன்னார் என்னை வேலைக்கு வரவேண்டாம் என்று கூறினார். நான் வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். எழுத்துமூல அறிவித்தல் தரவும்." இவ்வளவும் போதும். அடுத்த நாளே அனுப்பி, பிரதியையும் தபால் பற்றுச்சீட்டையும் ஒன்றாகக் குத்தி வையுங்கள்.

மற்றது, "ராஜினாமாக் கடிதம் எழுதித் தாரும், உமக்குத்தான் நல்லம்" என்பது. சில வேளை உண்மையிலேயே நல்லம். ஆனால் கையெழுத்திட்டால் பிறகு நீக்கினார்கள் என்று நிரூபிப்பது கஷ்டம். அந்த இடத்திலேயே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒரு நாள் தவணை கேளுங்கள். கொடுப்பதாக முடிவெடுத்தால் கைக்குக் கை கொடுங்கள்: உங்கள் கடிதம் அவர்கள் கைக்குப் போகும்போது கடிதத்தலைப்பில் அடித்த சேவைச் சான்றிதழ் உங்கள் கைக்கு வர வேண்டும். "பிறகு தாறம்" என்ற சான்றிதழ் பெரும்பாலும் வராது.

காசில் பார்க்க வேண்டியவை: பிடித்து வைத்த சம்பளம், எடுக்காத லீவுக்குரிய பணம், ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) ஒழுங்காகக் கட்டப்பட்டதா என்பது. சம்பளத்தில் உங்கள் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். இதற்கு மேல் ஈ.டி.எஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் முழுக்க முதலாளி கட்ட வேண்டியது. சம்பளச் சீட்டில் 8 வீதத்தை வெட்டிவிட்டு நிதியத்துக்குக் கட்டாமல் விட்ட இடங்கள் உண்டு. அதைத் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். ஐந்து வருடம் முடித்திருந்தால், 15 பேருக்குக் குறையாத இடம் என்றால், சேவை முடிவில் தருகிற பணிக்கொடை வருடத்துக்கு அரை மாதச் சம்பளம்; 30 நாளுக்குள் தர வேண்டும். நீக்கினோம் என்பதற்காகப் பணிக்கொடையை மறுக்க முடியாது. மோசடி, கையாடல், வேண்டுமென்று சேதப்படுத்தியது என்றால் மட்டும் அந்த இழப்பின் அளவுக்குக் கழிக்கலாம்.

ஈ.டி.எஃப் காசை வேலை மாறும்போது எடுக்கலாம், ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒரு முறைதான். முதல் தடவை வேலை போனபோதே எடுத்து முடித்தவர் இரண்டாம் தடவை அதை நம்பி இருக்கக் கூடாது. ஒவ்வொரு இடத்து ஈ.பி.எஃப் அங்கத்துவ இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். நாலு இடம் மாறினவருக்கு நாலு இலக்கம் இருக்கும். பிற்காலத்தில் ஒன்றாக்கும்போது பழைய இலக்கம் இல்லாமல் அலைய வேண்டி வரும்.

லீசிங்கில் எடுத்த மோட்டார் சைக்கிள் இருந்தால், தவணை பிந்த முன்னம் கொம்பனிக்குப் போய்ப் பேசுங்கள். நிலுவை விழுந்தால் கடன் தகவல் பணியகத்தின் பதிவில் ஏறும். வங்கியும் பைனான்ஸ் கொம்பனியும் ஆள் எடுக்கும்போது அந்தப் பதிவைப் பார்ப்பதுண்டு. ஒரு வளையலை ஈடு வைத்துத் தவணையைக் கட்டுவது அந்தத் துறையில் தொடர நினைப்பவருக்கு மலிவான வழி.

ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தாள்

ஒரு தரம் வேலை போனால் அதை இடத்தின் பிழை என்று விடலாம். இரண்டு மூன்று தரம் என்றால், திரும்பத் திரும்ப வருகிற ஒன்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தாள் எடுத்து மூன்று விஷயம் எழுதுங்கள்: அவர்கள் சொன்ன காரணம்; கடைசி முப்பது நாளில் உண்மையில் நடந்தவை, திகதியோடு; இன்று யாராவது ரெலிபோன் எடுத்துக் கேட்டால் அங்கே இருப்பவர் சொல்லக்கூடிய வசனம். மூன்றாவதை எழுதத்தான் மனம் வராது. அதைக் கட்டாயம் எழுதுங்கள்.

தொண்டு நிறுவனத் திட்டம் முடிந்து வேலை போனது, கிளையை மூடியது, 2022 பொருளாதார நெருக்கடியில் ஆட்குறைப்புச் செய்தது போன்றவற்றை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவற்றை "ஒப்பந்தம் முடிவுற்றது", "கிளை மூடப்பட்டது" என்று நேரே எழுதலாம். பலர் இவற்றையும் அவமானம் என்று நினைத்து மறைக்கப் போய், இல்லாத சந்தேகத்தை உண்டாக்குகிறார்கள்.

மிச்சத்தில் யாழ்ப்பாணத்தில் அதிகம் காணப்படுபவை சில.

நேரமும் லீவும். செத்தவீடு, அந்தியேட்டி, கலியாணம், கோயில் கொடியேற்றம், வெளிநாட்டிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்து நிற்பது என்று ஒன்று மாறி ஒன்று வரும். தனித்தனியே பார்த்தால் எல்லாம் நியாயமானவை. முதலாளி பார்ப்பது மாத முடிவில் வரவுப் பதிவில் உள்ள வெற்றிடத்தை. அதைவிடப் பெரிய பிழை காலை எட்டரைக்கு வட்ஸ்அப்பில் "இண்டைக்கு வரேல்லை" என்று போடுவது. நல்லூர்த் திருவிழா 25 நாள் என்பதும் எந்த மாதம் வரும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். லீவை ஒரு மாதம் முன்னமே எழுத்தில் கேட்கலாம்.

இலக்கு. லீசிங், காப்புறுதி, நுண்கடன் கொம்பனிகளில் நிப்பாட்டப்படுகிறவர்களில் பெரும்பாலானோர் இதில் விழுந்தவர்கள். முதல் மூன்று மாதம் சொந்தக்காரரையும் சிநேகிதரையும் பிடித்து இலக்கை எட்டுவார்கள். நாலாம் மாதம் கேட்க ஆள் இருக்காது. ஒரே மாதிரி மூன்று கொம்பனியில் இப்படி நடந்திருந்தால் நாலாவது கொம்பனி தேடாதீர்கள். அதே துறையில் ஆவணம், கிளைக் கணக்கு, வாடிக்கையாளர் கருமபீடம் போன்ற இலக்கில்லாத கதிரைகள் உண்டு; சம்பளம் குறையும், வேலை நிலைக்கும்.

காசும் இருப்பும். காசாளராகவோ களஞ்சியக்காரராகவோ இருந்து "குறையுது" என்று நிப்பாட்டப்பட்டவர்களில் எல்லோரும் கை வைத்தவர்கள் இல்லை. எழுதி வைக்காததால் மாட்டியவர்கள் நிறைய. ஒரே லாச்சியில் இரண்டு பேர் கை போடுவது, முதலாளியின் மகன் வந்து ஐயாயிரத்தை எடுத்துக்கொண்டு "பிறகு எழுது" என்பது, சாப்பிடப் போன அரை மணித்தியாலம் வேறு ஆள் இருந்தது. ராத்திரி கணக்கு முடிக்கையில் எல்லாம் உங்கள் தலையில் விழும். அடுத்த காசு வேலையில் முதல் நாளிலிருந்தே ஒரு தாள் வையுங்கள்: காலையில் பெட்டியில் இருந்த தொகை, 5000, 2000, 1000, 500, 100, 50, 20 தாள் எத்தனை, குத்தி (சில்லறைக் காசு) எவ்வளவு, சிட்டைகளின் மொத்தம், கார்ட்டில் வந்தது, பெட்டியிலிருந்து எடுத்தவர் பெயர், தொகை, நேரம், அவர் கையெழுத்து, கடைசியில் வித்தியாசம். வித்தியாசம் 40 ரூபா என்றாலும் எழுதுங்கள். நாள்தோறும் பூச்சியமாகவே வருகிற தாளை எந்தக் கணக்காய்வாளரும் நம்ப மாட்டார். இரண்டு பேர் கையெழுத்தோடு ஒரு படம் எடுத்து வைத்தால், சாப்பாட்டுக்கு எழும்பும்போது பெட்டியை எண்ணிக் கொடுக்கச் சொல்லிக் கேட்பதும் வழமையாகிவிடும்.

வாய். மேலாளரோடு எல்லோர் முன்னாலும் வாக்குவாதப்பட்டது, ஊழியர் வட்ஸ்அப் குழுவில் முதலாளியைப் பற்றிப் போட்டது. குடி என்றால் அதற்கு வேலை தேடும் வழிகாட்டி உதவாது. போதனா வைத்தியசாலையின் உளநல மருத்துவப் பிரிவில் முதலில் காட்டுங்கள்.

பழைய இடத்தோடு பேசுவது

இந்தப் படியைத்தான் எல்லோரும் தவிர்ப்பார்கள். பலன் கூடியதும் இதுதான்.

முதலாளியிடம் நேரே போக வேண்டியதில்லை. உங்கள் வேலையைக் கண்ணால் கண்டவர் யார் என்று பாருங்கள்: கணக்காளர், களஞ்சியப் பொறுப்பாளர், கிளையின் இரண்டாம் ஆள். கடைகளில் வெள்ளிக்கிழமை பூசை நேரமும் சந்தை நாளும் ஆகாது. இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில் ஆள் கொஞ்சம் ஆறுதலாக இருப்பார். தனியப் போங்கள். மாமாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு போனால் அது பஞ்சாயத்தாகிவிடும்.

கேட்க வேண்டியது சிறியது. "அண்ணை, நடந்ததைப் பற்றிக் கதைக்க வரேல்லை. அதில என்ர பிழையும் இருக்கு. நான் வேற இடம் தேடுறன். ஆரும் எடுத்துக் கேட்டால், இத்தனையாம் ஆண்டிலயிருந்து இத்தனையாம் ஆண்டு வரைக்கும் இன்ன வேலை செய்தவர் எண்டு சொன்னால் காணும். வேலை தெரிஞ்சவர் எண்டு உங்களுக்குப் பட்டால் அதையும் சொல்லுங்கோ." பொய் சொல்லச் சொல்லிக் கேட்காதீர்கள். கேட்டால் அதுவே அடுத்த ரெலிபோனில் கதையாகப் போகும். "உம்மைப் பற்றி நான் ஒண்டும் சொல்லமாட்டன்" என்று மறுத்தாலும் பரவாயில்லை. அந்த இடத்தில் வேறு ஒருவரின் பெயரைக் கொடுக்க வேண்டும் என்பதாவது தெரிந்துவிடும்.

சுயவிபரக்கோவையின் அடியில் "உறவினர் அல்லாத இருவர்" என்ற பகுதிக்குக் கோயில் தர்மகர்த்தாவையும் ஓய்வுபெற்ற அதிபரையும் போடுவது ஊர் வழமை. அவர்கள் உங்கள் குணத்தைச் சொல்வார்கள், வேலையைச் சொல்ல மாட்டார்கள். ஒருவரை அப்படி வைத்து, மற்றவரை வேலை செய்த இடத்திலிருந்து போடுங்கள். இருவருக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இடையில் ஒரு ஆறு மாதம்

இரண்டு நீக்கம் உள்ள தாளில் புதிதாக ஒரு வரி ஏற வேண்டும்; அதற்கு ஆறேழு மாதம் பிசகில்லாமல் வேலைக்குப் போன ஒரு இடம் போதும். பெரிய இடம் தேவையில்லை. ஆனால் வரவுப் பதிவும் எழுதிக் கொடுக்கக்கூடிய ஒருவரும் இருக்க வேண்டும்.

ஆள் தட்டுப்பாடு வரும் காலங்களைப் பிடியுங்கள். ஆடி, ஆவணியில் வெளிநாட்டுக்காரர் வருவதாலும் நல்லூர்த் திருவிழாவாலும் கலியாண மண்டபம், சமையல், வாகன வாடகை, புடைவைக் கடை எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். தீபாவளிக்கு முன்னும் தைப்பொங்கலுக்கு முன்னும் கடைகள் தற்காலிகமாக எடுக்கும். தை மாதம் முற்றவெளியில் நடக்கிற வர்த்தகக் கண்காட்சிக்குக் கொழும்புக் கொம்பனிகள் சில நாளுக்கு ஆள் தேடும். சில நாள்தான் என்றாலும் அங்கே புதிய முகங்களைப் பிடிக்கலாம். கணக்குத் தெரிந்தவர்களுக்குக் கணக்காய்வு நிறுவனங்கள் நல்ல இடம். வரி ஆண்டு மார்ச் 31இல் முடிந்து வரி விபரத்திரட்டு நவம்பர் 30க்குள் போக வேண்டியதால் புரட்டாதி, ஐப்பசியில் அவர்களுக்குக் கை போதாது.

இதே காலத்தில் கைத்தொழில் தெரிந்தவர்கள் என்.வி.கியூ (தேசிய தொழிற்தகைமை) தராதரம் எடுக்கலாம். பத்து வருடம் வயரிங்கோ குளிரூட்டி திருத்தமோ செய்தவர் முதலாம் பாடத்திலிருந்து படிக்க வேண்டியதில்லை. முன்அனுபவத்தை மதிப்பிட்டு மூன்றாம் அல்லது நாலாம் மட்டம் தருகிற வழி இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் யாழ்ப்பாண அலுவலகத்திலோ நைற்றா (தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை) அலுவலகத்திலோ கேளுங்கள். சேவைக் கடிதம், செய்த வேலையின் படங்கள், சிட்டைகள் கொண்டுபோங்கள். மதிப்பீட்டாளர் செய்முறையாகப் பார்ப்பார். நிப்பாட்டப்பட்டவருக்கு இதன் பெறுமதி என்னவென்றால், இந்தச் சான்றிதழில் பழைய முதலாளியின் அபிப்பிராயம் இல்லை.

பிரதேச செயலகத்தில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார். பெயரைப் பதிந்து வைத்தால் தொழிற்சந்தை நடக்கும் திகதி தெரியவரும்.

வெளிநாடு போய்விடலாம் என்று தோன்றும். போகலாம், ஆனால் வேலை போன கோபத்தில் சுற்றுலா விசாவில் போகாதீர்கள். முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் 1989க்கு எடுத்துக் கேட்ட பிறகு கடவுச்சீட்டைக் கொடுங்கள்.

தாளில் எழுதுவது

சுயவிபரக்கோவையில் நீக்கக் காரணம் எழுதத் தேவையில்லை. செய்த வேலைகளை மேலே வையுங்கள்: "ஒரு நாளைக்கு 200 சிட்டை வரை போடும் கடையில் காசாளர்", "மூவாயிரம் வகைப் பொருள் உள்ள களஞ்சியத்தில் மாத இருப்புக் கணக்கெடுப்பு" என்று அளவோடு, உங்களுக்கு உண்மையான எண்ணோடு. கீழே இடங்களும் ஆண்டுகளும். மூன்று மாதத்துக்குக் குறைந்த இடத்தை விட்டுவிடலாம்.

விண்ணப்பப் படிவம் வேறு. அதன் அடியில் "மேற்கூறியவை உண்மை" என்று கையெழுத்திடுகிறீர்கள். "விலகிய காரணம்" என்ற கட்டத்தில் "சொந்தக் காரணம்" என்று பொய் எழுதி, எட்டு மாதம் கழித்துப் பிடிபட்டு மறுபடி போனவர்கள் உண்டு; அந்த நீக்கத்தை எதிர்த்து வெல்வது கஷ்டம். "சேவை முடிவுறுத்தப்பட்டது. நேரில் விளக்குவேன்" என்று எழுதுங்கள். அவ்வளவும் காணும்.

நேர்முகத்தில்

"ஏன் தம்பி அங்கயிருந்து விலத்தினவை?" என்று கேட்பார்கள். கேட்க முன்னம் நீங்களே சொன்னால் இன்னும் நல்லம். நாற்பது செக்கனுக்குள் முடிய வேண்டும்: என்ன நடந்தது, அதில் உங்கள் பங்கு என்ன, இப்போது என்ன மாறியிருக்கிறது, அதற்கு அத்தாட்சி என்ன.

"சேர், கடைசி ரெண்டு இடத்திலயும் என்னை நிப்பாட்டினவை. முதல் இடத்தில லீவு கூட எடுத்தது என்ர பிழை. மற்ற இடம் கடன் அறவிடுற வேலை, இலக்கை எட்டேல்லை. இப்ப ஏழு மாதமாச் சுன்னாகத்தில ஒரு களஞ்சியத்தில நிக்கிறன். இது வரவுப் பதிவின்ர பிரதி. அங்கத்தைய பொறுப்பாளரிட்ட நீங்கள் கேக்கலாம்."

அதோடு நிறுத்துங்கள். எதிரே இருப்பவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். அந்த வெற்றிடத்தை நிரப்பப் போய்த்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள்: பழைய முதலாளியின் குடும்பக் கதை, அவர் எந்த ஊர், ஆருக்கு வேண்டிய ஆள், தன்னை எப்படி வெட்டினார்கள் என்று. கேட்பவருக்குப் படுவது ஒன்றுதான், நாளைக்கு என்னைப் பற்றியும் இப்படித்தான் சொல்லுவான் என்று.

சம்பளம் பேசும்போது பயத்தில் கேட்டதற்கெல்லாம் தலையாட்டாதீர்கள். தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2026 ஜனவரி முதல் 30,000 ரூபா. அதற்குக் கீழே கேட்கிற இடம் ஈ.பி.எஃப்பும் கட்டாது என்று எதிர்பார்க்கலாம். நியமனக் கடிதம் கேளுங்கள். வேலை நேரம், தகுதிகாண் காலம், யாருக்குக் கீழ், முன்னறிவித்தல் எத்தனை நாள் என்பவை அதில் இருக்க வேண்டும். மூன்றாம் நாலாம் இடம் என்பவருக்கு இந்தக் கடிதம் மற்றவரைவிட அவசியம்.

புதிய இடத்தில்

தகுதிகாண் காலம் பொதுவாக ஆறு மாதம் என்று போடுவார்கள். அதற்குள் நிறுத்துவது அவர்களுக்குச் சுலபம். மாதம் ஒரு முறை பொறுப்பாளரிடம், ஆள் இல்லாத நேரம், "என்ர வேலையில திருத்த வேண்டியது ஒண்டைச் சொல்லுங்கோ" என்று கேளுங்கள். சொன்னதைத் திகதியோடு எழுதி, அடுத்த மாதம் அதைச் செய்ததைக் காட்டுங்கள். சம்பள முற்பணம் கேட்காதீர்கள். சக ஊழியரிடம் கைமாற்றும் வாங்காதீர்கள், அவர்களோடு சீட்டும் கட்டாதீர்கள். காசுப் பிணக்குகள் கடைசியில் முதலாளியின் மேசைக்குத்தான் போகும்.

எச்சரிக்கைக் கடிதம் வந்தால் கையெழுத்திட மறுத்துச் சண்டை பிடிக்காதீர்கள். "கிடைக்கப்பெற்றேன்" என்று மட்டும் எழுதித் திகதி போட்டு வாங்கி, தரப்பட்ட தவணைக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். இரண்டாவது கடிதமும் அதே காரணத்துக்கு வந்தால், விசாரணை தொடங்க முன்னம் ஒழுங்கான முன்னறிவித்தலோடு நீங்களே விலகுவதைப் பற்றி யோசிக்கலாம். அப்போது பொருட்கள், திறப்புகள், கடவுச்சொற்கள், நிலுவையில் உள்ள கோவைகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் நிரைப்படுத்திக் கையளித்து, பொறுப்பேற்றவரின் கையெழுத்தோடு ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள்.